கடைசி நாற்காலிக்கான நடைமுறை விதிகள்

ஓடக் கூடாது என்பது முதல் விதி.

எங்கள் குடியிருப்பு மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் பதினோரு பக்கங்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியதால் கடைசிப் பக்கத்தை மட்டுமே பார்க்க முடிந்தது. அதில் செயலாளரின் கையொப்பம் இருந்தது. மற்ற பத்துப் பக்கங்களையும் படிக்க விரும்புவோர் விண்ணப்பம் எழுதி நகல் பெறலாம் என்றார்கள். எழுதினேன். நான்கு நாளில் கிடைத்தது.

தலைப்பு: 'கிறிஸ்துமஸ் விழா: சிறார் விளையாட்டுகளுக்கான நடைமுறை விதிகள்.' சிறார் என்றால் ஐந்து வயது முடிந்து ஏழு வயது முடியாதவர்கள் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

எங்கள் குடியிருப்பு ஆவடியில் இருக்கிறது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அங்கே என்ன செய்கிறோம் என்பதும் வேண்டாம். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயர் வெற்றிச்செல்வன். மின்பிரிவில் மேற்பார்வையாளன். ஒரு மகள், கவிப்பிரியா. நவம்பரில் அவளுக்கு ஐந்து முடிந்தது. மனைவி போன வருஷம் அக்டோபரில் இறந்துபோனாள். டெங்கு. நான்கு நாள்.

முன்பெல்லாம் இந்த விழாவை பி ப்ளாக் அருள்மொழி டீச்சர் நடத்துவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும், மைதானத்தில் ஏழெட்டு நாற்காலி போடுவார். ஒரு கூடை எலுமிச்சை, ஒரு பை பலூன், பாட்டுக்கு அவருடைய செல்போன். பத்தரைக்குத் தொடங்கும். பன்னிரண்டுக்கு கேக் வெட்டி அனுப்பிவிடுவார். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசி நெற்றியில் விபூதியோடு வரும். யாரும் அதை யோசித்ததில்லை.

போன வருஷம் நாற்காலி ஆட்டத்தில் ஒரு பையன் விழுந்தான். முழங்கால் சிராய்ந்தது. எழுந்து மறுபடி ஓடினான். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். மன்றம் விசாரணைக் குழு அமைத்தது. குழு பத்து மாதம் விசாரித்தது. காயம் ஐந்தாம் நாளே ஆறிவிட்டதால் அதை நேரில் பார்வையிட முடியாமல் போனதற்கு அறிக்கை வருத்தம் தெரிவித்தது. அறிக்கையின் முடிவு இரண்டு வரி. விழுந்ததற்குக் காரணம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் இசை.

ஆகவே இந்த வருஷம் முதல் விழாவை மன்றமே ஏற்று நடத்தும். அருள்மொழி டீச்சருக்கு ஆலோசகர் என்று ஒரு அட்டை கொடுத்துக் கடைசி வரிசையில் ஒரு இருக்கை ஒதுக்கினார்கள். ஆலோசகர் கேட்கப்பட்டால் மட்டும் பேசலாம்.

கவிக்கு இந்த விழாவில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நாற்காலி ஆட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார வேண்டும். மூன்று வயதில் அந்த ஆட்டத்தை அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்திருக்கிறாள். இறக்கி விடச் சொல்லி அழுதிருக்கிறாள். அஞ்சு வயசாகட்டும், கடைசி நாற்காலி உனக்குத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. ஐந்து முடிந்த அன்று காலை, பல் துலக்கும் முன்பே, கவி சொல்லித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி. எங்கள் வீட்டில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றை நடுவில் போடுவோம். இரண்டு பேரும் சுற்றுவோம். நான் வாயால் பாடுவேன். நிறுத்துவேன். அவள் உட்காருவாள். நான் தோற்பேன். ஒரு நாளைக்கு இருபது முறை தோற்றேன். இரண்டாவது நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைப்போம். மூன்றாவது ஜன்னல் பக்கம் இருக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை.

எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் கஜபதி சார் இருக்கிறார். மன்றத்தின் செயலாளர் அவர்தான். தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவு. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் கைக்கு வந்த எந்தப் பொருளையும் அளக்காமல் கீழே வைத்ததில்லை. பயிற்சியின் ஐந்தாம் நாள் மாடியேறி வந்தார். சத்தம் தாங்கவில்லை என்று சொல்வார் என நினைத்தேன். வாசலில் நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல மூணடி விடணும் வெற்றி. நீ அவ மேல மோதிடுவே," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

பதிவுப் படிவத்தில் தந்தை கையொப்பம், தாயார் கையொப்பம் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது காலியாக இருந்ததால் படிவம் திரும்பி வந்தது. மன்ற அலுவலகத்துக்குப் போனேன். கஜபதி சாரோடு மகளிர் பிரிவுத் தலைவி லோகநாயகி மேடமும் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். போன அக்டோபரில் பத்து நாள் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியவர் அவர்.

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுப்பா," என்றார் கஜபதி சார்.

"அவ இல்லையே சார்."

"தெரியும். ஆனா தாயார் இல்லைன்னா, இல்லைன்னு தாயார்தான் எழுதிக் கொடுக்கணும். அதான் முறை."

தான் சொன்னது அப்போதுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோகநாயகி மேடம் விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். தாயார் கட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் மூன்று. கையொப்பம், கைநாட்டு, விடுப்பு.

"நீண்ட விடுப்புன்னு போட்டுடலாம் சார்," என்றார் மேடம் மெல்ல.

போட்டார்கள். முத்திரை குத்தினார்கள். திரும்பும் தேதி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள்.

பிறகு சோதனைகள் தொடங்கின. குழந்தைகள் தொடுகிற எந்தப் பொருளும் சோதனையில் தேற வேண்டும். தொழிற்சாலையில் இருபத்தைந்து, முப்பது வருஷம் இதையே செய்தவர்கள். அவர்களுக்கு வேறு எப்படியும் செய்யத் தெரியாது.

முதலில் பலூன் உடைக்கும் ஆட்டம். நூறு பலூனில் பத்தை மாதிரியாக எடுத்து, ஊதி, ஊசியால் குத்திப் பார்த்தார்கள். பத்தும் வெடித்தன. மாதிரி தேறவில்லை என்று நூறையும் நிராகரித்தார்கள். வெடிக்க வேண்டும் என்றுதான் வாங்கினோம் என்று அருள்மொழி டீச்சர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்காமலே பேசியதற்காக அது குறிப்பில் ஏறவில்லை. ஆனாலும் பாதுகாப்புப் பிரிவு சிவராமன் சார் பதில் சொன்னார்.

"வெடிக்கும்னு தெரிஞ்சே எப்படி மேடம் குழந்தைங்க கையில குடுக்கறது?"

ஆட்டத்தின் பெயரை பலூன் பாதுகாக்கும் ஆட்டம் என்று மாற்றினார்கள். ஆளுக்கொரு பலூன். ஊதாத பலூன். பதினைந்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வெடிக்காத பலூனை வைத்திருக்கும் எல்லாரும் வென்றவர்கள்.

அடுத்து கரண்டியில் எலுமிச்சை. பழம் பூந்தமல்லி மார்க்கெட்டிலிருந்து வேம்புலியின் குட்டியானை வண்டியில் வந்தது. மன்றத்துக்கு எந்தச் சாமான் வந்தாலும் அந்தச் சின்ன லோடு வண்டியில்தான் வரும். கஜபதி சார் தொழிற்சாலையிலிருந்து இரண்டு எஃகு வளையங்கள் செய்து வாங்கியிருந்தார். பெரிய வளையத்தில் பழம் நுழைய வேண்டும். சின்ன வளையத்தில் நுழையக் கூடாது. இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். முந்நூறு பழத்தில் ஒன்பது தேறின. நிராகரிக்கப்பட்டவற்றை விதிப்படி அழிக்க வேண்டும். செயற்குழு ஆறு பேரும் நான்கு நாள் உட்கார்ந்து சர்க்கரை போட்டு அழித்தார்கள்.

வேம்புலி என்னிடம் வந்து கேட்டார். "இன்னா நைனா இது? ஒன்னு பெருசாத்தான் கீது, ஒன்னு சிறுசாத்தான் கீது. மரத்துக்கு இன்னா தெரியும், இவுங்க வளையத்த பத்தி?"

தாத்தா வேஷமும் அவருக்கே வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் இடுப்புச் சுற்றளவுக்கு விதியில் ஒரு எண் இருந்தது. குடியிருப்பில் யாரும் தேறவில்லை. வேம்புலி தேறினார். பஞ்சுத் தாடி தீப்பற்றும் என்பதால் அதை ஏதோ மருந்தில் முக்கிக் காய வைத்தார்கள். பலகை மாதிரி ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டால் வாயைப் பாதிதான் திறக்க முடியும். முதுகில் பரிசு மூட்டைக்குப் பதில் சிவப்பு நிறத் தீயணைப்பான் ஒன்றைக் கட்டினார்கள். பரிசை அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம்.

பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும். எனக்கு இசை.

இசை என்றால் பாட்டு இல்லை. பாட்டுத் தேர்வுக்கு ஒரு துணைக்குழு போட்டு நான்கு முறை கூடினார்கள். ஒரு பாட்டில் ஓடு என்ற சொல் இருந்தது. ஒரு பாட்டுக்கு உறுப்பினர்களுக்கே கால் ஆடியது. கடைசியில் சிவராமன் சார் தன் பிரிவிலிருந்து ஒரு கைச் சைரனைக் கொண்டுவந்தார். தீப்பயிற்சிக்கு வைத்திருப்பது. கைப்பிடியைச் சுற்றினால் அலறும். ஒலி இருக்கிறது, சொல் இல்லை, ஆட்சேபம் எழாது என்று குறிப்பு எழுதினார்கள். பச்சைக் கொடி காட்டினால் நான் சுற்ற வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் நிறுத்த வேண்டும். கொடி இல்லாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது.

விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு. பத்தே முக்கால் வரை குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. பதினொன்று வரை பலூனைக் காத்தார்கள். பதினொன்றேகால் வரை ஒன்பது எலுமிச்சைகளும் கரண்டிகளில் அசையாமல் நின்றன. விழாத பழத்துக்குத்தான் மதிப்பெண் என்பதால் யாரும் அடியெடுத்து வைக்கவில்லை.

பிறகு நாற்காலி ஆட்டத்துக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் தலைக்கவசம் மாட்டினார்கள். பெரியவர்கள் அளவு. கவிக்கு மூக்கு வரை இறங்கியது. கழுத்தைப் பின்னால் சாய்த்தால்தான் அவளுக்கு நாற்காலி தெரியும். சாய்த்தபடியே என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டைவிரலைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

சிவராமன் சார் மைக்கைப் பிடித்தார்.

"குழந்தைச் செல்வங்களே, இந்த மன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு பாதுகாப்பான விளையாட்டு விழா நடந்ததில்லை. மணி பதினொன்றரை. இதுவரை ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. காரணம், இதுவரை யாரும் விளையாடவில்லை. இதே நிலையைக் கடைசிவரை நாம் காப்பாற்ற வேண்டும்."

கைதட்டினார்கள். பச்சைக் கொடி ஏறியது. சுற்றினேன்.

சைரன் கீழிருந்து ஏறி, உச்சிக்குப் போய் நின்றது. யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் மதிய இடைவேளை முடியும்போது ஊதுகிற அதே சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருக்கும் எவனும் எழுந்திருப்பான். சாப்பாட்டில் கை இருந்தாலும் எழுந்திருப்பான். பார்வையாளர் வரிசையிலிருந்த அப்பாக்கள் ஐம்பது பேரும் எழுந்தார்கள். இரண்டு பேர் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவினார்கள். மேடையில் செயற்குழு ஆறு பேரும் எழுந்தார்கள். லோகநாயகி மேடம் டிபன் பாக்ஸை மூடுவது போல மடியில் ஏதோ செய்தார். கஜபதி சார் கேட் இருக்கும் திசையில் நான்கு எட்டு வைத்துவிட்டு நின்றார். வெயிலைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இதற்குள் சிவப்புக் கொடி ஏறி, நான் நிறுத்தி, ஏழு பிள்ளைகள் ஏழு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கவியும் உட்கார்ந்திருந்தாள். ஒரு பையன் நின்றான். அவன் வெளியே.

பெரியவர்கள் திடீரென எழுவதால் நெரிசல் ஏற்படலாம் என்று சிவராமன் சார் சைரனுக்குத் தடை போட்டார். என் பக்கத்தில் அதைத் துணியால் மூடி வைத்தார்கள். இசைக்குப் பதிலாக லோகநாயகி மேடம் நடைமுறை விதிகளை மைக்கில் வாசிப்பார். வாசிப்பு நின்றால் உட்கார வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒலி என்று அந்த நேரத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த சுற்றுக்கு ஒரு நாற்காலியை எடுக்க வேண்டும். வேம்புலி தாத்தா வேஷத்தோடு வந்து ஒன்றைத் தூக்கினார்.

"வை," என்றார் கஜபதி சார்.

வைத்தார்.

"அது மன்றத்தின் நாற்காலி. உபயோகத்துல இருக்கிற நாற்காலியை உபயோகத்துல இருந்து எடுக்க முடியாது. பழுதுன்னு குழு சான்று குடுத்தாத்தான் எடுக்கலாம்."

கஜபதி, சிவராமன், லோகநாயகி மூவரும் குழுவானார்கள். நாற்காலியைக் கவிழ்த்தார்கள். ஆட்டினார்கள். கஜபதி சார் நான்கு கால்களையும் அளந்தார். நான்கும் சமம். பழுதில்லை.

வேம்புலி தாடியின் ஓரத்தால் பேசினார். "சார், ஒரு மிதி மிதிச்சேன்னு வைங்க, ஒடஞ்சிரும். அப்பால எடுத்துகினு போலாமா?"

கஜபதி சார் இதை நியாயமாகவே யோசித்தார். "பழுதுன்னு அறிவிச்ச பிறகு உடைக்கலாம். உடைச்ச பிறகு பழுதுன்னு அறிவிக்கக் கூடாது," என்றார்.

பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். சிவராமன் சார் விதிகளில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். நாற்காலியை எடுக்கத்தான் கூடாது. அதில் ஆள் உட்காரலாம். ஆள் உட்கார்ந்தால் அந்த நாற்காலி ஆட்டத்தில் இல்லை. அதற்குத் தகுதியான ஆள் பொறுப்பில் உள்ளவராக இருக்க வேண்டும். அவரே முன்வந்தார். வட்டத்துக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தற்காலிகமாகத்தான் என்றார்.

வாசிப்பு தொடங்கியது. "விதி நான்கு. சிறார் என்போர் ஒருவர் பின் ஒருவராக, முன்னிருப்பவரின் தோளைத் தொட்டபடி, வலமாக..." ஏழு தலைக்கவசங்களும் மெல்ல நகர்ந்தன. வாசிப்பு நின்றது. ஒரு பெண் வெளியே. லோகநாயகி மேடம் மைக்கோடு போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த சுற்றில் ஒரு பையன் இடம் கிடைக்காமல் சிவராமன் சாரின் மடியில் உட்கார்ந்துவிட்டான். மடி நாற்காலி ஆகுமா என்று பத்து நிமிஷம் விவாதித்தார்கள். ஆகாது என்று பேனாவால் விதியில் சேர்த்தார்கள். பையன் வெளியே. மூன்றாவது நாற்காலியில் துணைத்தலைவர்.

இப்படியே நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளை வெளியே போனது. ஒரு நிர்வாகி உள்ளே வந்தார். உட்கார்ந்தவர்களுக்குத் தேநீர் வந்தது. அவர்கள் பையன்களின் கல்லூரி அட்மிஷன் பற்றியும் பூந்தமல்லி மெட்ரோ வேலையில் மாட்டிக்கொண்டது பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அவர்களுடைய முழங்கால்களைச் சுற்றி நடந்தார்கள். ஆறாவதாகக் கஜபதி சார் உட்கார்ந்தார்.

ஒரு நாற்காலி மிச்சம். இரண்டு பிள்ளைகள். ஏ ப்ளாக் தீபிகாவும் கவியும்.

நாற்பது நாள் பயிற்சி. அவள் நடையில் அது தெரிந்தது. நாற்காலியின் ஓரத்தை விட்டுக் கை விலகவில்லை. கழுத்து பின்னால் சாய்ந்தே இருந்தது. நான் துணி மூடிய சைரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லோகநாயகி மேடம் பத்தாம் பக்கத்தை முடித்துப் பதினோராம் பக்கத்துக்கு வந்தார்.

"இப்படிக்கு..."

அப்போது தலைமை விருந்தினரின் கார் வந்தது.

தொழிற்சாலையின் மூத்த அதிகாரி. இரண்டேமுக்கால் மணி நேரம் தாமதம். மேடம் வாசிப்பை நிறுத்தினார். விருந்தினர் வரும்போது சிறார் நிற்க வேண்டும் என்பது விதி என்பதால் கவியும் தீபிகாவும் உட்காராமல் நின்றார்கள். செயற்குழுவில் யாரும் எழவில்லை. எழுந்தால் நாற்காலி ஆட்டத்துக்குத் திரும்பிவிடும், மன்னிக்கணும் சார் என்று கஜபதி சார் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அதிகாரி தலையசைத்தார். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலி காலி. ஆறு பேர் கூடிய இடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அது யாருக்கு என்பதில் அவருக்கு இருபது வருஷமாகச் சந்தேகம் வந்ததில்லை. தீபிகாவையும் கவியையும் விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வாசிப்பு நின்றதும் முதலில் உட்கார்ந்தவர் அவர்தான் என்பதைச் சிவராமன் சார் கவனித்துச் சொன்னார். விதிப்படி அவர் வெற்றி பெற்றிருந்தார். பரிசைக் கொண்டுவந்தார்கள். இருபத்து நான்கு கலர் பென்சில்கள் கொண்ட பெட்டி. அவர் அதை வாங்கிக்கொண்டு மைக்கைக் கேட்டார்.

"இந்த வெற்றியை நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. ஆட்டம் தொடங்கியபோது இங்கே இல்லவும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு இடம் காத்திருந்தது. குழந்தைகளே, இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, பொறுமை. உங்களுக்கும் ஒருநாள் வரும்."

கவி அழவில்லை. அழுதிருந்தால் போய்த் தூக்கியிருப்பேன். தலைக்கவசத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். விதி ஒன்றின்படி, ஓடாமல்.

"அப்பா, ஆட்டம் முடிஞ்சிடுச்சா?"

பதினான்கு மாதமாக நான் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்பார்கள். தலையாட்டுவேன். வேம்புலி பக்கத்தில் நின்றிருந்தார். தாடியை ஒரே இழுப்பில் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, பாத்துகினே கீறே?"

துணியை எடுத்தேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

சத்தம் கீழிருந்து ஏறியது. முதலில் சிவராமன் சார் எழுந்தார். கையில் தேநீர்க் கோப்பையோடு எழுந்தார். லோகநாயகி மேடம் எழுந்தார். துணைத்தலைவரும் மற்ற இருவரும் எழுந்தார்கள். கஜபதி சார் எழுந்து கேட்டை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். தலைமை விருந்தினர் மூன்று நொடி தாங்கினார். அவரும் ஒரு காலத்தில் இதே தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். கால்கள் மறக்கவில்லை. கலர் பென்சில் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

ஏழு நாற்காலிகளும் காலி.

கடைசி வரிசையில் அருள்மொழி டீச்சர் எழுந்தார். அவர் சைரனுக்கு எழவில்லை. ஆலோசகர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஓடுங்க," என்றார்.

எட்டுப் பேரும் ஓடினார்கள். தலைக்கவசங்கள் உருண்டன. கவி பாதி வழியில் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓடினாள். தலைமை விருந்தினர் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவதாக வந்த தீபிகாவுக்கு இடம் இல்லை. கவி நகர்ந்து பாதி நாற்காலியைக் கொடுத்தாள். இதற்கு விதி எதுவும் இல்லை.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் உட்கார வந்துவிடுவார்கள். கேக் வெட்டிக் கொடுத்து முடியும்வரை சுற்றினேன். வேம்புலி ஒரு துண்டை என் வாயில் ஊட்டினார்.

திங்கட்கிழமை மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். கொடியின்றிச் சைரனை இயக்கியது. எட்டுச் சிறாரை ஓடவிட்டது. ஒரு சிறாரின் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படக் காரணமானது. அந்தச் சிறார் என் மகள்தான். காலையில் பள்ளிக்கூட வேனில் எல்லாருக்கும் முழங்காலைக் காட்டிவிட்டுப் போயிருந்தாள்.

கடிதத்தைக் கஜபதி சாரே கொண்டுவந்து மாடிப்படியில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"இதுக்குப் பெற்றோர் ரெண்டு பேரும் எழுத்துல விளக்கம் குடுக்கணும். ஒருத்தருது மட்டும் வந்தா விசாரணையைத் தொடங்க முடியாது."

"சரி சார்."

"அவங்க நீண்ட விடுப்புல இருக்காங்க. பதிவுல அப்படித்தான் இருக்கு. திரும்பி வந்து எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் மன்றம் காத்திருக்கும்."

ஐந்தாவது சாண் முடிந்தது. இறங்கிப் போனார்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் கவி கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டாள். விழா முடிந்துவிட்டதே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. சுவரோரம் இருந்த இரண்டாவதை இழுத்து வந்தாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். மூன்றாவது நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன்மேல் தூசி இருந்தது. பாவாடையால் துடைத்தாள். தரையில் கிரீச்சென்று சத்தம் வர இழுத்து வந்து மற்ற இரண்டோடு சேர்த்தாள்.

"மூணு நாற்காலி, ரெண்டு பேருதானே. அப்ப யாரு அவுட்டு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி விளையாடறது?"

"சும்மா விளையாடறதுதான்," என்றாள். "பாட்டு வேணாம்ப்பா. சைரன்."

வாயைக் குவித்துக்கொண்டு தொடங்கினேன். கீழிருந்து ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன்.

கீழ்வீட்டில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கஜபதி சார் எழுந்துவிட்டார்.